குரல்வளை போன பிறகும் சொல் எப்படி வருகிறது: பேசும் தொண்டையைக் கையால் செய்து பார்ப்பது

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருக்கா சுருக்கிச் சொல்லி விடுகிறேன். அம்மப்பாவுக்குப் புற்றுநோய் வந்து குரல்வளையை முழுதாக எடுத்து விட்டார்கள். இப்ப கழுத்தில் ஒரு பற்றரிக் கருவியை அழுத்திப் பிடித்துப் பேசுகிறார். ஒரே சுருதியில் இரைகிறது, ஆனாலும் "தேத்தண்ணி கொண்டா பிள்ளை" என்றால் வீட்டில் எல்லோருக்கும் விளங்குகிறது. குரல்வளையே இல்லாத மனிசனுக்குச் சொல் எங்கேயிருந்து வருகிறது, இதைப் பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு மாதிரியாகச் செய்து காட்டலாமா, அல்லது கணினியில் ஒரு அசைபடம் ஓட விட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம் செய்யுங்கள். அசைபடம் போதாது. அசைபடத்தில் குரல் நாண் நீங்கள் ஆடச் சொன்னபடி ஆடும், நீங்கள் விளங்கிக் கொண்டது பிழை என்றாலும் அழகாக ஆடும். றப்பரும் குழாயும் அப்படியில்லை. இடைவெளி கொஞ்சம் கூடினால் சத்தமே வராது, ஏன் வரவில்லை என்று இருந்து யோசிக்க வேண்டும், அந்த யோசனைதான் படிப்பு. நான் இப்போது கிளிநொச்சியில் பௌதிகம் படிப்பிக்கிறேன், அதற்கு முன்னர் சில வருடங்கள் சிலிக்கனில் குரல் நாண் வார்த்து ஊதிப் பார்க்கிற வேலை செய்தவன். ஆகையால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வேலிக்குப் போய் ஒரு பூவரசம் இலை பிடுங்குங்கள். காம்பைக் கிள்ளி விட்டுச் சுருட்டி, ஒரு முனையை விரலால் சப்பையாக நசுக்கி ஊதினால் பீப்பீ. சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். இப்போது மறுமுனையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஊதிக் கொண்டே கையைத் திறந்து மூடுங்கள். குழந்தை அழுவது போல 'வா வா' என்று கேட்கும். நசுங்கிய இலைவாய் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் துடித்துக் கொண்டிருக்கிறது, அதில் நீங்கள் கை வைக்கவேயில்லை. மாறியது கைக்குள் இருக்கிற வெளியின் வடிவம் மட்டும். துடிக்கிற வாய் ஒன்று, அந்தத் துடிப்புக்கு நிறம் கொடுக்கிற அறை ஒன்று. மனிதக் குரலும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

அம்மப்பாவுக்குப் போனது முதலாவது. இரண்டாவது, அதாவது தொண்டைக்குழி, வாய், நாக்கு, உதடு, மூக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. கருவி கழுத்துத் தோலைத் தட்டித் தட்டி ஒரு இரைச்சலை உள்ளே அனுப்புகிறது, அவருடைய நாக்கும் உதடும் அறுபது எழுபது வருடமாகப் பழகிய வேலையைச் செய்து அதைச் சொல்லாக்குகிறது. 'க', 'ப' போன்ற எழுத்துகளில் குரலோடு சொல்வது, குரல் இல்லாமல் சொல்வது என்ற வேறுபாடு கருவியில் தெரியாது, ஏனென்றால் அது எப்போதும் இரைந்து கொண்டிருக்கிறது. ஆனால் தமிழில் அந்த வேறுபாட்டை மட்டும் வைத்துச் சொற்கள் பிரிவது மிகக் குறைவு. 'கடல்' என்பதில் முதல் எழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும், 'அகம்' என்பதில் நடு எழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இடத்தை வைத்தே காது முடிவு செய்து விடும். தேத்தண்ணி உடனே வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படிக் குரலைக் கழற்றிப் பார்க்கிற வேலை ஆராய்ச்சியில் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 1779இல் சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகம் உயிர் எழுத்துகளுக்குள் என்ன வேறுபாடு, அவற்றைக் குழல்களால் உண்டாக்க முடியுமா என்று ஒரு பரிசுப் போட்டி வைத்தது. கிறற்சென்ஸ்ரைன் என்பவர் ஐந்து வடிவங்களில் ஐந்து குழல்கள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு உயிரெழுத்தை வரவைத்துப் பரிசைப் பெற்றார். அதே காலத்தில் வொல்ஃப்காங் வொன் கெம்பெலன் இன்னும் தூரம் போனார். 1769இல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் உழைத்து, 1791இல் தன் இயந்திரத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நுரையீரலுக்குத் துருத்தி, குரல் நாணுக்குத் துடிக்கும் தந்தத் தகடு, வாய்க்கு றப்பர்ப் புனல், மூக்குக்கு இரண்டு சிறு துளை. ஒரு முழங்கையால் துருத்தியை அமத்திக் கொண்டு மற்றக் கையைப் புனலின் முன்னால் வைத்துத் திறந்து மூடினால் சொல் வரும். பூவரசம் பீப்பீயில் நீங்கள் செய்ததேதான், ஆனால் அவர் அதை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். அந்த வகை இயந்திரம் ஒன்றை 1863இல் பார்த்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் அவருடைய அண்ணனும் வீட்டிலேயே ஒரு பேசும் தலை செய்து 'மம்மா' என்று சொல்ல வைத்தார்கள். பெல்லுக்கு அப்போது உங்கள் வயதுதான்.

இந்த மாதிரிகளில் அறை சரி. துடிக்கும் வாய் மட்டும் சரியில்லை. தகடு ஒரே சுருதியில் இரையும், அம்மப்பாவின் கருவி மாதிரி. உண்மையான நாண் எப்படித் துடிக்கிறது என்பதுதான் நீண்ட காலம் பிடிபடாமல் இருந்தது.

1741இல் ஃபெரைன் என்ற பிரெஞ்சு வைத்தியர் இறந்த உடலிலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதிச் சத்தம் வரவைத்தார். வயலின் நரம்பை வில் இழுப்பது போலக் காற்று இழுக்கிறது என்று நினைத்துத்தான் 'நாண்' என்ற பெயரை வைத்தார். பெயர் நிலைத்து விட்டது, ஆனால் அங்கே இருப்பது நாண் இல்லை, இரண்டு மடிப்பு, உதடு போல. அப்புறம் 1950இல் ஹூசோன் என்பவர் ஒரு புதுக் கருத்தைக் கொண்டு வந்தார்: ஒவ்வொரு துடிப்புக்கும் மூளையிலிருந்து ஒரு நரம்புக் கட்டளை வருகிறது, காற்று துடிக்க வைப்பதில்லை என்று. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் உயர்ந்த சுருதியில் பாடும் பெண் குரலுக்குச் செக்கனுக்கு ஆயிரம் தடவை நாண் துடிக்க வேண்டும், அந்த வேகத்தில் எந்த நரம்பும் கட்டளை அனுப்பாது. அதைவிடப் பெரிய சாட்சி ஃபெரைனின் மேசையிலேயே கிடந்தது. இறந்த குரல்வளைக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை, ஊதினால் பாடுகிறது. 1958இல் வான் டென் பேர்க் என்ற ஆராய்ச்சியாளர் இதையெல்லாம் சேர்த்து, காற்றின் விசையும் தசையின் மீள்தன்மையும்தான் நாணை ஆட்டுகின்றன என்று எழுதினார். உயிருள்ள தொண்டையில் நரம்பையும் காற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. மேசையில் வைத்த குரல்வளையில் முடியும். மாதிரி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

சரி, சீராக வரும் காற்று எப்படித் துடிப்பாக மாறுகிறது? வன்னியில் இதைப் படிப்பிக்க எனக்குப் படம் தேவைப்படவில்லை, தறப்பாள் போதும். தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். சோளகக் காற்று விடாமல் ஒரே பக்கமாக அடிக்கும், ஆனால் கட்டு அவிழ்ந்த மூலை மட்டும் படபடவென்று இரவு முழுக்க அடித்துக் கொண்டேயிருக்கும். காற்று விட்டு விட்டு வரவில்லை. துணியின் வடிவம் மாற, அதன் மேல் காற்றின் அமுக்கம் மாறுகிறது, அமுக்கம் மாற வடிவம் மாறுகிறது. குரல் மடிப்பிலும் இதுதான். கீழேயிருந்து வரும் அமுக்கம் முதலில் மடிப்பின் கீழ் விளிம்பைத் திறக்கிறது, மேல் விளிம்பு கொஞ்சம் பிந்தித் திறக்கிறது. திறந்து கொண்டு போகும்போது இடைவெளி கீழே அகலம், மேலே ஒடுக்கம், உள்ளே அமுக்கம் கூட. மூடிக் கொண்டு வரும்போது கீழ் விளிம்பு முந்தி விடும், அதனால் கீழே ஒடுக்கம், மேலே அகலம், உள்ளே அமுக்கம் குறைவு. வெளியே போகும்போது கூடத் தள்ளு, திரும்பும்போது குறையத் தள்ளு. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சக்தி மிச்சமாக மடிப்புக்குள் போகிறது, அந்த மிச்சம் உராய்வில் போவதை ஈடு செய்தால் துடிப்பு நிலைக்கும். பல புத்தகங்களில் பேர்னூலி விளைவு (ஒடுக்கத்தில் வேகமாகப் பாயும் காற்றின் அமுக்கம் குறைவது) உறிஞ்சி மூடுகிறது என்று ஒரு வரியில் முடித்து விடுவார்கள். அந்த வரி பிழையில்லை, ஆனால் பாதிதான். வெறும் உறிஞ்சல் என்றால் திறக்கும்போதும் அதே உறிஞ்சல் இருக்குமே, பிறகு எங்கேயிருந்து மிச்சச் சக்தி? கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் முந்திப் பிந்தி ஆடுவதுதான் உயிர். கண்காட்சியில் நடுவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இந்த ஆட்டத்தை நேரே பார்க்க முடியாததற்குக் காரணம் அளவும் வேகமும். துடிக்கும் பகுதி ஆணுக்கு ஏறக்குறைய 16 மில்லிமீற்றர், பெண்ணுக்கு 10. பேச்சில் ஆண் குரல் செக்கனுக்கு 100, 125 தடவை, பெண் குரல் 200 தடவை துடிக்கும். அதனால் பெருப்பித்துச் செய்வார்கள். றொனால்ட் ஷேரர் என்பவரின் குழு செய்த எம்5 என்ற பிளாஸ்ரிக் மாதிரி உண்மையைப் போல் 7.5 மடங்கு பெரிது, சுவரில் ஊசித் துளைகள் போட்டு ஒவ்வொரு இடத்திலும் அமுக்கத்தை அளப்பார்கள். வெறுமனே பெருப்பித்தால் ஓட்டத்தின் குணம் மாறி விடாதா என்று கேட்பீர்கள். பாய்மத்தில் ரெனோல்ட்ஸ் எண்ணை, அதாவது வேகத்தையும் அளவையும் பெருக்கி இயக்கப் பாகுநிலையால் வகுத்து வருவதை, மாறாமல் வைத்தால் ஓட்டத்தின் வடிவம் மாறாது, அதற்குக் காற்றின் வேகத்தை 7.5 மடங்கு குறைக்க வேண்டும், அமுக்கம் 56 மடங்கு குறைந்து விடும். தண்ணீரிலும் பத்து மடங்கு பெரிதாகச் செய்கிறார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. நீரின் இயக்கப் பாகுநிலை (பிசுபிசுப்பை அடர்த்தியால் வகுத்தது) காற்றினுடையதைவிடச் சுமார் 15 மடங்கு குறைவு, அளவு பத்து மடங்கு கூட, ஆகவே வேகம் 150 மடங்கு குறைய வேண்டும், நேரம் 1500 மடங்கு நீளும். 8 மில்லிசெக்கனில் முடிகிற ஒரு துடிப்பு 12 செக்கன் எடுக்கும். சாயம் கலந்து விட்டுக் கதிரை போட்டு இருந்து பார்க்கலாம். மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கும்போது ஒடுக்கத்தால் பாய்கிற தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து ஓடி, இரண்டு பக்கமும் சுழி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மடிப்புக்கு மேலே வருகிற காற்றுத் தாரையும் அப்படித்தான் ஒரு சுவரோடு ஒட்டிப் போகும், சுழி போடும்.

பெருப்பிக்காமல் உண்மை அளவிலேயே மென்மையாகச் செய்வது வேறொரு வழி, நான் செய்தது அதுதான். மடிப்பு ஒரே சதைத்துண்டு இல்லை என்று 1974இல் ஹிரானோ காட்டினார்: உள்ளே தசை, மேலே வழுவழுப்பான போர்வை, இரண்டும் வெவ்வேறாக அசையும். அந்தப் போர்வை எவ்வளவு மெது என்றால் பலூன் றப்பர் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விறைப்பு. சிலிக்கனில் எண்ணெய் கலந்து மெதுவாக்கி, வேறு வேறு கலவையில் படை படையாக வார்ப்போம். முதலில் நான் வார்த்தது ஒரே படையில். ஊதினால் துடித்தது, ஆனால் காற்று மடிப்பை மேல்நோக்கித் தூக்கி விட்டது, இரண்டும் நடுவில் சந்திக்கவேயில்லை, குரலுக்குப் பதில் மூச்சிரைப்புப் போல ஒன்று கேட்டது. நீளப்பக்கமாக ஒரு நூலை உள்ளே வைத்து வார்த்த பிறகு மேலே எழும்பாமல் நடுவில் வந்து அடித்தது. அந்த நூல் செய்த வேலையை உடம்பில் நாரிழைகள் செய்கின்றன. புத்தகத்தில் அந்த இழைகளின் பெயரை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அவை எதற்கு என்று விளங்கியது அன்றைக்குத்தான்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் விடிய விடியக் கோவலன் கூத்து ஆடியவர்களின் குரல் காலையில் ஏன் அடைக்கிறது என்பதற்கும் மாதிரியில் ஒரு பதில் இருக்கிறது. துடிப்புத் தொடங்க ஆகக் குறைந்தது எவ்வளவு அமுக்கம் வேண்டும் என்பதை 1988இல் இங்கோ டிற்சே என்ற குரல் ஆராய்ச்சியாளர் கணக்காக எழுதினார். போர்வையின் பாகுநிலை கூடினால் அந்த அமுக்கமும் கூடும் என்பது கணக்கு. 1995இல் அவரும் கூட்டாளிகளும் மெல்லிய சிலிக்கன் தோலுக்கு அடியில் வெவ்வேறு பாகுநிலைத் திரவங்களை விட்டு ஊதிப் பார்த்தார்கள், கணக்குச் சொன்னபடியே வந்தது. தொண்டை காய்ந்து போர்வை தடித்தால் அதே சுருதிக்குக் கூடுதல் அமுக்கம் கொடுக்க வேண்டும், கூடக் கொடுத்தால் மடிப்புகள் இன்னும் பலமாக மோதும், மோதினால் இன்னும் வீங்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மார் கவனிக்க வேண்டிய இன்னொன்று: குடிக்கிற தண்ணீர் நேரே நாணில் படாது, உணவுக்குழாயால் இறங்கி உடம்பைச் சுற்றித்தான் அங்கே போய்ச் சேரும். ஆகவே மேடை ஏறும்போது ஒரு போத்தலைக் குடிப்பதில் பெரிய பயன் இல்லை, பகல் முழுக்கக் குடித்திருக்க வேண்டும்.

மாதிரிகளுக்கு முடியாததும் இருக்கிறது. சிலிக்கனுக்குத் தசை இல்லை, தானாகச் சுருங்காது, கிழிந்தால் ஆறாது. 2020இல் மூவாயிரம் வருடத்துக்கு முந்திய நெஸ்யமுன் என்ற எகிப்தியப் பூசாரியின் தொண்டையை ஸ்கான் செய்து, முப்பரிமாண அச்சில் எடுத்து, செயற்கைக் குரல் மூலத்தோடு இணைத்தார்கள். உயிரெழுத்துப் போன்ற ஒரே ஒரு ஒலிதான் வந்தது. படுத்த நிலையில் உறைந்து போன வாய்க்கு அவ்வளவுதான் முடியும், அதைப் பூசாரியின் பேச்சு என்று சொல்லக் கூடாது.

இனி உங்கள் வேலை. முக்கால் அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப்பில் ஒரு சாண் வெட்டுங்கள். ஒரு முனையை இரண்டு பக்கமும் சரிவாக, வீட்டுக் கூரை போல, அறுத்து விட்டால் இரண்டு கூர் மட்டும் எழும்பி நிற்கும். அரத்தாளால் நன்றாகத் தேயுங்கள், பிசிறு இருந்தால் றப்பர் கிழியும். பாமசியில் விற்கிற மெல்லிய றப்பர்க் கையுறையில் இரண்டு துண்டு எடுத்து, ஒவ்வொரு சரிவிலும் ஒன்றாக இழுத்துப் போர்த்தி, கீழே நூலால் இறுக்கிக் கட்டி, மேலே ரேப் சுற்றுங்கள். இரண்டு துண்டின் விளிம்பும் கூருக்குக் கூர் ஒரு கோட்டில் சந்திக்க வேண்டும், இடையில் ஒரு தாள் போகிற அளவுதான் இடைவெளி. மறுமுனையால் ஊதுங்கள். முதல் தடவை வராது. விளிம்பை எச்சில் விரலால் நனைத்து விட்டு மெதுவாக அமுக்கத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் ஆட்டுக்குட்டி கத்துவது போலத் தொடங்கும். றப்பரை இழுத்தால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும்.

மேசன்மார் மட்டம் பார்க்கிற ஒளிபுகும் ரியூபை பைப்பின் பக்கத்தில் துளை போட்டுச் செருகி, 'ப' வடிவில் தண்ணீர் விட்டு வையுங்கள். நாம் சாதாரணமாகப் பேசும்போது நுரையீரல் கொடுப்பது 5 முதல் 10 சென்ரிமீற்றர் நீர் அமுக்கம். உங்கள் றப்பருக்கு அதைவிடக் கூட வேண்டி வரும், எவ்வளவு கூட என்பதை அளந்து எழுதுங்கள். சத்தம் தொடங்குகிற உயரத்தையும், பிறகு மெதுவாக மூச்சைக் குறைக்கும்போது சத்தம் நிற்கிற உயரத்தையும் தனித்தனியே குறியுங்கள். நிற்கிற உயரம் குறைவாக இருக்கும். துடிப்பைத் தொடக்குவது கஷ்டம், தொடர்வது லேசு.

அறைக்கு இரண்டு குழாய்ச் சோடி. நம்முடைய தொண்டைக்குழியும் வாயும் சேர்ந்தால் ஆணுக்குச் சுமார் 17 சென்ரிமீற்றர், ஒரு முனை மூடிய குழாய். உயர்தரத்தில் படித்த அதே சூத்திரத்தைப் போட்டால் பரிவு மீடிறன்கள், அதாவது அந்தக் குழாய் கூடப் பலமாக்குகிற துடிப்பு வேகங்கள், ஏறக்குறைய 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் வரும். குழாயின் ஓரிடத்தை ஒடுக்கினால் இவை இடம் மாறும், இடம் மாறுவதைத்தான் நாம் வேறு வேறு உயிரெழுத்தாகக் கேட்கிறோம். 'ஆ'வுக்குப் பின்பக்கம் (தொண்டைப் பக்கம்) அரை அங்குல ஹோஸ் 9 சென்ரிமீற்றர், முன்பக்கம் ஒன்றேகால் அங்குல பைப் 8 சென்ரிமீற்றர். 'ஈ'க்கு மாற்றி: பின்பக்கம் அகலமான பைப் 9, முன்பக்கம் ஹோஸ் 6. பொருத்துகிற இடத்தில் காற்று கசியாமல் களியோ மெழுகோ வைத்து அடையுங்கள். 'ஈ'யில் பின்னால் இருக்கிற அகலமும் முன்னால் இருக்கிற ஒடுக்கமும் சேர்ந்து போத்தல் வாயில் ஊதுவது போல வேலை செய்யும், அதன் முதல் பரிவு 300 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட வரும். ரோக்கியோ சோஃபியா பல்கலைக்கழகத்தில் தக்கயுக்கி அராய் இந்த மாதிரிக் குழாய்களைத்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கச் செய்து வைத்திருக்கிறார், அவர் பின்பற்றியது 1941இல் சீபாவும் கஜியாமாவும் உயிரெழுத்துகளுக்கு அளந்து எழுதிய தொண்டை வடிவங்களை.

றப்பர்த் தொண்டையை இந்தக் குழாய்களோடு பொருத்தினால் சில வேளை சுருதி குழம்பும், பழகப் பழகச் சரிவரும். அதைவிட நல்ல மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மப்பா சம்மதித்தால் அவருடைய கருவியின் துடிக்கிற தலையை 'ஆ' குழாயின் ஹோஸ் முனையில் இறுக்கி வைத்து அழுத்துங்கள், பிறகு அதே கருவியை 'ஈ' குழாயின் அகல முனையில் வையுங்கள். அகல முனை கருவித் தலையைவிடப் பெரிதாக இருந்தால் தடித்த மட்டையில் வட்டம் வெட்டி, நடுவில் சின்னத் துளை போட்டு ஒட்டி விடுங்கள். அவரையே அழுத்தச் சொல்லுங்கள், எந்த அளவுக்கு அழுத்தினால் சத்தம் தெளிவாக வரும் என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். கண்காட்சி அன்று பற்றரியை முதல் நாள் இரவே சார்ஜில் போட்டு வையுங்கள், நீங்கள் காட்டி முடித்த பிறகு அவர் பேச வேண்டும்.